ராஜா, ஜாக்கிரதை!

வார்த்தைகள் வந்த வழி – 14

போன வாரம் 'கேஷ்' பற்றிப் பார்த்தோம். பிரெஞ்சுக்காரர்களின் பணப்பெட்டியும் நம் ஊர்க் காசும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து உட்கார்ந்த கதை அது. இந்த வாரம் நேர்மாறு. வேர் ஒன்றுதான். கிளைகள்தான் திசைக்கொன்றாகப் போய்விட்டன.

சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைப்பதும் செக். வங்கியில் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுப்பதும் செக். கட்டம் போட்ட சட்டையும் செக். காட்பாடி தாண்டியதும் கறுப்புக் கோட்டில் வந்து டிக்கெட் கேட்பவர் செக்கர். ஆங்கிலேயர்கள் எழுத்திலாவது கொஞ்சம் வித்தியாசம் காட்டுகிறார்கள். நாம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் 'செக்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். வரலாற்றின்படி பார்த்தால் நாம் சொல்வதுதான் சரி.

கதையை நடுவிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி ஆண்ட 23ஆவது வருடம், அதாவது 1177ஐ ஒட்டி. தேம்ஸ் நதிக்கரைக் கோபுரம் ஒன்றில் ஜன்னல் ஓரமாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெயர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், அரசரின் பொக்கிஷதார். அப்பா நைஜல் ஈலி நகரத்துப் பிஷப். மகனுக்கு இந்தப் பதவியை அரசரிடம் பணம் கட்டி வாங்கிக் கொடுத்தவர். அப்படி வந்தவர் என்றாலும் ரிச்சர்டுக்கு வேலை தெரியும். நாற்பது வருடம்போல அந்த நாற்காலியில் நீடித்தார். ஜன்னலோரத்தில் இருந்த அவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, 'உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதி வைக்காமல் போனால் எப்படி?' என்கிற தோரணையில் கேட்க, அவரும் எழுதினார். குரு, சீடன் உரையாடல் வடிவில், லத்தீனில். ஓர் அரசின் கணக்கு அலுவலகம் எப்படி நடக்கிறது என்பதை உள்ளே இருந்தவரே விலாவாரியாகச் சொன்ன புத்தகம் என்று ஐரோப்பாவில் அதற்கு முன்னால் ஒன்றைக் காட்டுவது கடினம்.

அந்த அலுவலகத்தின் பெயர் எக்ஸ்செக்கர். ரிச்சர்ட் முதலில் வர்ணிப்பது ஒரு மேசையை. பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேலே வைத்த எதுவும் உருண்டு கீழே விழாதபடி சுற்றிலும் நான்கு விரல்கடை உயரத்துக்கு விளிம்பு. மேசைமேல் ஒரு கறுப்புத் துணி. அதில் ஒரு சாண் அல்லது ஓரடி இடைவெளியில் கோடுகள். துணியை ஒவ்வொரு ஈஸ்டருக்கும் புதிதாக வாங்க வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார் மனிதர்.

மேசையின் ஒரு பக்கம் பொக்கிஷதாரும் அரசரின் பெரிய மனிதர்களும். எதிரே ஷெரீப். நம் சென்னையிலும் ஷெரீப் என்றொரு பதவி இருந்தது. கடைசிக் காலத்தில் அது வரவேற்புரை ஆற்றும் பதவி. அன்றைய இங்கிலாந்து ஷெரீப் ஒரு மாவட்டத்தையே கையில் வைத்திருந்தவர். வரி வசூல், அபராதம், அரச நிலங்களின் குத்தகை எல்லாம் அவர் பொறுப்பு. வருடத்துக்கு இரண்டு முறை அவர் இந்த மேசைக்கு முன்னால் வர வேண்டும். ஈஸ்டருக்கு வந்து பாதிப் பணத்தைக் கட்டுவார். செப்டம்பர் கடைசியில் மைக்கேல்மஸ் திருநாளை ஒட்டி வந்து முழுக் கணக்கையும் ஒப்பிப்பார்.

ஒரு ஷெரீப் 248 பவுண்டு 13 ஷில்லிங் 7 பென்னி கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. எழுதும் எண்களோ ரோமன் எண்கள். பூஜ்யம் கிடையாது, இடமதிப்பு கிடையாது. அந்த எண்களை வைத்துக்கொண்டு தாளில் கழித்தல் போட்டுப் பார்த்தால் தெரியும் அவஸ்தை. அதனால் துணியில் போட்டார்கள். வலது ஓரத்துக் கட்டம் பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அதற்கடுத்தது பவுண்டுக்கு, பிறகு இருபதுகள், நூறுகள், ஆயிரங்கள். கணக்கர் நூறுகளின் கட்டத்தில் இரண்டு காசு வைப்பார், இருபதுகளின் கட்டத்தில் இரண்டு, பவுண்டுக் கட்டத்தில் எட்டு. இப்படியே பென்னி வரை. இது கட்ட வேண்டிய தொகை. இதற்குக் கீழ் வரிசையில், ஷெரீப் கட்டியதற்கு ஆதாரம் காட்டக் காட்ட, அதற்கான காசுகள் வந்து உட்காரும். பிறகு மேலிருந்தும் கீழிருந்தும் சமமாக எடுத்துக்கொண்டே வந்தால் மேலே மிஞ்சுவது பாக்கி. எதுவும் மிஞ்சாவிட்டால், ஆள் விடுபட்டார் என்று லத்தீனில் ஒரு வரி எழுதி முடிப்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, எழுத்தே தெரியாதவருக்கும் கண்ணெதிரே எல்லாம் நடக்கிறது என்பது. அந்தக் கால ஷெரீப்களில் பலருக்குப் படிப்பு வாசனை குறைவு. தாளில் கணக்குப் போட்டால் ஏமாற்றிவிட்டார்கள் என்று வாளை உருவலாம். துணியில் காசு நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்ன சொல்ல முடியும்?

ரிச்சர்டின் புத்தகத்தில் சீடன் கேட்கிறான்: இந்த இடத்துக்கு எக்ஸ்செக்கர் என்று ஏன் பெயர்? குரு இரண்டு காரணம் சொல்கிறார். ஒன்று, மேசை சதுரங்கப் பலகை மாதிரி இருப்பது. இன்னொன்று, அங்கே நடப்பதும் ஒரு சதுரங்கம்தான். பொக்கிஷதாருக்கும் ஷெரீப்புக்கும் நடக்கும் யுத்தத்தை மற்றவர்கள் நடுவர்களாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். எட்டரை நூற்றாண்டுக்கு முன்னால் வாழ்ந்த அரசாங்க அதிகாரி ஒருவர் தன் அலுவலகப் பெயருக்கே வேர் தேடியிருக்கிறார். அதைவிட ஆச்சரியம், சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார்.

பழைய பிரெஞ்சில் சதுரங்கப் பலகைக்கு 'எஸ்செக்கியே' என்று பெயர். இங்கிலாந்து அப்போது பிரெஞ்சு பேசும் நார்மானியர்களின் ஆட்சியில் இருந்தது. நடுவில் நுழைந்த 'எக்ஸ்' பின்னால் வந்த எழுத்தர்களின் கைங்கரியம். லத்தீனில் 'எக்ஸ்' என்று தொடங்கும் சொற்கள் ஏராளமாயிற்றே, இதுவும் அந்த வகையாக இருக்கும் என்று நினைத்து மரியாதையாகச் சேர்த்துவிட்டார்கள்.

பலகைக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நாம் கிழக்கே திரும்ப வேண்டும். தேர், யானை, குதிரை, காலாள் என நான்கு அங்கங்களைக் கொண்ட நம் நாட்டு ஆட்டம், கி.பி. 6ஆம் நூற்றாண்டு வாக்கில் பாரசீகத்துக்குப் போனது. சதுரங்கம் அங்கே 'சத்ரங்' ஆயிற்று. 7ஆம் நூற்றாண்டில் அரேபியர்கள் பாரசீகத்தைப் பிடித்தபோது 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. எதிராளியின் ராஜாவைத் தாக்கும் காயை நகர்த்தினால் சும்மா இருக்கக் கூடாது. வாய்விட்டு எச்சரிக்க வேண்டும் என்பது பாரசீகர்களின் ஆட்ட மரியாதை. அவர்கள் சொன்னது 'ஷா!' ராஜா என்று பொருள். ராஜா, ஜாக்கிரதை என்று நாம் நீட்டிக்கொள்ளலாம். ராஜாவுக்குப் போக்கிடம் இல்லாமல் போனால் 'ஷா மாத்'.

மாத் என்றால் இறந்தான் என்று அரபு வழியே பொருள் சொல்பவர்கள் உண்டு. பாரசீகத்தில் அதற்கு வழியற்று நிற்பவன், திகைத்துப்போனவன் என்று பொருள். ஆட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். சதுரங்கத்தில் யானை வெட்டுப்படும், குதிரை வெட்டுப்படும், ராஜா மட்டும் வெட்டுப்படுவதே இல்லை.

அரேபியர்களோடு ஆட்டம் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போய், 'ஷா' லத்தீன் வாயில் 'ஸ்காக்கஸ்' ஆகி, பிரெஞ்சில் 'எஸ்செக்' ஆகி, ஆங்கிலத்தில் தலை போய் 'செக்' ஆனது. அதன் பன்மைதான் 'செஸ்'. ரஷ்யர்கள் இன்றும் ஆட்டத்தை 'ஷாக்மத்தி' என்கிறார்கள். ஸ்பெயினும் போர்ச்சுகலும் மட்டும் ராஜாவை விட்டுவிட்டு நம் சதுரங்கத்தையே பிடித்துக்கொண்டன. போர்த்துகீசியரின் 'ஷத்ரேஸ்' அதன் பேரன். அந்த ஒரு சொல்லுக்கு அங்கே சதுரங்கம், கட்டம் போட்ட துணி, பேச்சுவழக்கில் ஜெயில் என்று மூன்று பொருள். ஜெயில் ஏன் என்று கம்பிகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

எக்ஸ்செக்கருக்குத் திரும்புவோம். ஈஸ்டருக்குப் பணம் கட்டிய ஷெரீப்புக்கு ரசீது வேண்டுமே? தாள் இல்லாத காலம், தோல் விலை அதிகம். அதனால் குச்சி கொடுத்தார்கள். வேடிக்கை இல்லை; கிட்டத்தட்ட 700 வருடம் இங்கிலாந்து அரசாங்கத்தின் ரசீது ஒரு மரக்குச்சி. பெரும்பாலும் ஹேசல் என்ற மரம். அதன்மேல் வெட்டுக்குறிகள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்குப் பருத்த பார்லி மணி அளவு, பென்னிக்கு வெறும் கீறல். குறிகளைப் போட்டதும் குச்சியை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒவ்வொரு வெட்டும் இரு பாதியிலும் பாதிப் பாதியாக இருக்கும். கைப்பிடியோடு நீளமாக இருக்கும் துண்டு பணம் கொடுத்தவருக்கு. அதற்குப் பெயர் ஸ்டாக், அதாவது அடிக்கட்டை. குட்டையான துண்டு அரசாங்கத்துக்கு. அதற்குப் பெயர் ஃபாயில், அதாவது இலை. பிறகொரு நாள் இரண்டையும் ஒட்டவைத்தால் வெட்டும் பொருந்த வேண்டும், மரத்தின் ரேகையும் பொருந்த வேண்டும். ஷெரீப் வீட்டில் உட்கார்ந்து இன்னொரு வெட்டுப் போட்டுவிட முடியாது.

அந்தக் குச்சியின் பெயர் டாலி. கணக்கு டாலி ஆகவில்லை என்று மாதக் கடைசியில் நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்களே, அதே டாலிதான். ரசீதுப் புத்தகத்தில் மிஞ்சும் துண்டை அவர்கள் கவுண்டர்ஃபாயில் என்கிறார்கள். அதில் இருப்பதும் அந்த இலையே.

நாளாக ஆக இந்தக் குச்சிகள் ரசீது என்ற நிலையைத் தாண்டி அரசாங்கம் வாங்கிய கடனுக்குப் பத்திரமாயின. பொற்கொல்லர்கள், அதாவது அந்தக் கால லண்டன் வட்டிக்காரர்கள், வாங்கி அடுக்கி வைத்தார்கள். 1672 ஜனவரியில் இரண்டாம் சார்லஸ் மன்னர், டச்சுக்காரர்களோடு போருக்குப் பணம் போதவில்லை என்று எக்ஸ்செக்கர் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நிறுத்தினார். பல பொற்கொல்லர்கள் திவாலானார்கள். ராஜாவுக்குச் செக் வைக்கத் தொடங்கிய கதையில் ராஜாவே எல்லாருக்கும் செக் வைத்தது அந்த முறைதான். ஆனாலும் குச்சியின் மவுசு போகவில்லை. 1697இல் பாங்க் ஆஃப் இங்கிலாந்து தன் மூலதனத்தைப் பெருக்கியபோது, புதுப் பங்குக்கான தொகையில் ஐந்தில் நான்கு பாகத்தை டாலியாகவே கட்டலாம் என்று ஏற்றுக்கொண்டது. பங்குச் சந்தையில் சொல்கிற 'ஸ்டாக்' இந்த அடிக்கட்டையிலிருந்து வந்ததாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

1782இல் டாலியை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். ஆனால் அந்த வேலையை நம்பிப் பதவியில் இருந்தவர்களின் காலம் முடியும்வரை தொடரலாம் என்று ஒரு சலுகை. அவர்கள் ஆயுசு கெட்டி; குச்சி 1826 வரை ஓடியது. அதன் பிறகு வெஸ்ட்மின்ஸ்டரில் மலைபோலக் கிடந்த பழைய குச்சிகளை என்ன செய்வது? ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாம் என்று பின்னாளில் ஒரு கூட்டத்தில் சார்லஸ் டிக்கன்ஸ் கேலி செய்தார். அரசாங்க வழக்கப்படி ரகசியமாக எரிப்பது என்று முடிவானது.

1834 அக்டோபர் 16. பிரபுக்கள் சபைக்கு அடியில் இருந்த இரண்டு உலைகளில் காலையிலிருந்து குச்சிகளை அள்ளிப் போட்டார்கள் இரண்டு வேலைக்காரர்கள். வண்டிக் கணக்கான காய்ந்த விறகு. வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம். மாலை நான்கு மணிக்குச் சபையைச் சுற்றிப் பார்க்க வந்த இரண்டு கனவான்கள், தரையின் சூடு பூட்ஸைத் தாண்டிக் காலில் உறைப்பதாகச் சொன்னார்கள். சுவரில் தொங்கிய புகழ்பெற்ற சித்திரத் திரைகள் புகையில் தெரியவில்லை. காட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காப்பாளர் அம்மாள் கீழே வேலை நடக்கிறது என்று சொல்லி அனுப்பி வைத்தார். ஆறு மணிக்கு நெருப்பு வெளியே வந்தது. இரவு முழுக்க எரிந்து பிரபுக்கள் சபை, மக்கள் சபை இரண்டும் போயின. பழைய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தை மட்டும் எப்படியோ காப்பாற்றினார்கள். ஓவியர் டர்னர் அந்தக் காட்சியை இரண்டு எண்ணெய் ஓவியங்களாகத் தீட்டினார். நாம் இன்று படத்தில் பார்க்கும் லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் அதற்குப் பிறகு சார்லஸ் பாரி கட்டியது. மேசை போய், குச்சி போய், துணி போய், பெயர் மட்டும் இருக்கிறது: பிரிட்டன் நிதியமைச்சர் இன்றும் 'எக்ஸ்செக்கரின் சான்சலர்'.

இனி வங்கிச் செக். ஆட்டத்தில் 'செக்' விழுந்தால் நினைத்தபடி நகர முடியாது. நின்று யோசிக்க வேண்டும். அதிலிருந்து தடுப்பது, நிறுத்துவது என்று ஆங்கிலத்தில் பொருள் விரிந்தது. தப்பு நடக்காமல் தடுப்பது எப்படி? ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து. அப்படியே சரிபார்ப்பது என்ற பொருள் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எக்ஸ்செக்கர் வெளியிட்ட கடன் பத்திரங்களில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அலுவலகத்தில் நிறுத்திக்கொள்ளும் கவுண்டர்ஃபாயிலுக்கே 'செக்' என்று பெயர். பிறகு கவுண்டர்ஃபாயில் உள்ள தாளுக்கு அந்தப் பெயர் ஏறியது. வங்கிக்கு எழுதும் பண உத்தரவு அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. 1659இல் லண்டனில் 400 பவுண்டுக்கு எழுதிய ஒன்று பிழைத்திருக்கிறது. ஆனால் அதை யாரும் செக் என்று சொல்லவில்லை. 1717இல் பாங்க் ஆஃப் இங்கிலாந்து எண் போட்டு அச்சடித்த படிவம் கொடுக்க ஆரம்பித்தது. வாடிக்கையாளர் நேரில் போய் காசாளரிடம் வாங்கி வர வேண்டும்.

எழுத்துக்கூட்டல் 19ஆம் நூற்றாண்டில்தான் பிரிந்தது. ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட் என்ற வங்கியாளர், வேறு பொருள்களோடு குழம்பாமல் இருக்கவும் எக்ஸ்செக்கரின் சாயல் தெரியவும் புது எழுத்துக்கூட்டலே நல்லது என்று எழுதினார். இங்கிலாந்து கேட்டுக்கொண்டது, அமெரிக்கா பழையதிலேயே நின்றது. சதுரங்கச் சொல்லை இங்கிலாந்துக்குக் கொடுத்த பிரெஞ்சுக்காரர்கள், வங்கிச் சொல்லை அங்கிருந்தே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் 'எஷெக்' என்றால் இன்றும் தோல்வி.

வங்கிச் செக் அரபு மொழியின் 'ஸக்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று அடிக்கடி படிக்கிறோம். 'ஸக்' என்பது உண்மையான பத்திரம்தான். 10ஆம் நூற்றாண்டில் சகாரா ஓரத்து ஆவுதகஸ்ட் நகரில் 42,000 தினாருக்கு எழுதிய ஒன்றைப் பார்த்ததாக இப்னு ஹவ்கல் என்ற பயணி குறித்திருக்கிறார். ஓசையும் ஒத்துப்போகிறது. ஆனால் அந்தச் சொல் லண்டன் வரை நடந்து வந்த காலடித் தடம் காணோம். கவுண்டர்ஃபாயில் வழியாக வந்த பாதை ஆவணத்தில் தெரிகிறது. என் ஓட்டு அதற்குத்தான்.

இந்தியாவில் 1881இல் வந்த மாற்றுமுறை ஆவணச் சட்டம் செக்குக்கு இலக்கணம் சொன்னது. பணமில்லாமல் செக் திரும்பினால் ஜெயில் என்ற 138ஆவது பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் அமலானது. வெற்று செக் லீஃபில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் வட்டிக்காரர்களின் பிடி அதன்பிறகு இன்னும் இறுகியது.

துணிக்கு வருவோம். கட்டம் கட்டமாக இருப்பதற்கெல்லாம் அந்தப் பலகையின் பெயரே வந்தது. பிரிட்டிஷ் பிரதமர்கள் ஓய்வெடுக்கும் மாளிகைக்கு 'செக்கர்ஸ்' என்று பெயர். 12ஆம் நூற்றாண்டில் எக்ஸ்செக்கர் அதிகாரி ஒருவருக்குச் சொந்தமாக இருந்ததால் என்கிறார்கள். அங்கே வளரும் ஒரு மரத்தின் பழத்துக்கு அந்தப் பெயர் இருப்பதால் என்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஹோட்டல் பில் செக், கழற்றிக் கொடுத்த கோட்டுக்குத் தரும் வில்லை செக், மழையால் ஆட்டம் நின்றால் மறுபடி வர 'ரெயின் செக்'. வேட்டையில் நாய்கள் மோப்பம் தவறி நிற்பதும் செக். இவற்றை விரித்தால் இதழ் போதாது.

மெட்ராஸ் செக்கை மட்டும் விட முடியாது. கிழக்குக் கரைத் தறிகளில் நெய்த கட்டம் போட்ட கைக்குட்டைத் துணியைக் கம்பெனிக் கப்பல்கள் அட்லாண்டிக் வரை கொண்டுபோயின. 'மெட்ராஸ்' என்றே அதற்குப் பெயர். மார்ட்டினிக், செயின்ட் லூசியா பெண்கள் தலையில் கட்டிக்கொண்டார்கள். செயின்ட் லூசியாவின் தேசிய உடையில் அது இன்றும் இருக்கிறது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்றழைத்துப் பிறப்பிலும் சாவிலும் பயன்படுத்துகிறார்கள். 1958இல் அமெரிக்காவுக்குப் போன ஒரு லாட், துவைக்கும்போதெல்லாம் சாயம் விட்டது. ஏற்றுமதி செய்த கேப்டன் கிருஷ்ணன் நாயர் குளிர்ந்த நீரில் பக்குவமாகத் துவைக்கச் சொல்லியிருந்தார். அந்தக் குறிப்பு வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. விற்றவர்களோ, சாயம் விடுவதே இந்தத் துணியின் அழகு என்று விளம்பரம் செய்தார்கள். விற்றுத் தீர்ந்தது.

நெய்தவர்களுக்கு இந்த ஆங்கிலச் சொல் தேவைப்படவே இல்லை. பாலும் பழமும் கட்டம், கட்டம் போட்ட கைலி என்றே அவர்கள் பேச்சு.

அடுத்த வாரம் இன்னொரு தட்டுமுட்டுச் சாமான். இத்தாலியத் தெருவில் காசு மாற்றுகிறவர் போட்டு உட்கார்ந்த பெஞ்சு 'பேங்க்' ஆன கதை.